1801 பாளையக்காரர் போர்: ஒற்றையாள் போர் விளையாட்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஞ்சாலங்குறிச்சியில் தொடங்கிக் காளையார்கோயில் காட்டில் முடிந்த 1801 படையெடுப்பை ஒரே ஆள் மேசையில் வைத்து ஆடும் விளையாட்டு இது. வீட்டிலேயே அச்செடுத்து, வெட்டி, ஒட்டிச் செய்துகொள்ளலாம். ஆடத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. நுணுக்கமானவற்றுக்குப் போகுமுன் 7-ஆம் கேள்வியைப் படித்துவிடுங்கள்.

1. எதிராளியே இல்லாம போர் விளையாட்டு எப்படிங்க ஆடுறது?

எதிராளி உண்டு, ஆனால் ஆள் இல்லை. எதிரியான ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை எங்கே போகும், எப்போது தாக்கும் என்பதைச் சீட்டுகள் சொல்லும். அடி பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். உங்கள் பக்கத்து முடிவுகள் மட்டுமே உங்களுடையவை. எதிரி அடுத்து என்ன செய்வான் என்பது சீட்டைத் திருப்பும்வரை உங்களுக்கும் தெரியாது.

ஆடுபுலி ஆட்டம் தெரிந்தவர்களுக்கு இதன் அடிப்படை சட்டென்று பிடிபடும். அதில் மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்கும் விதி ஒன்றல்ல, நோக்கமும் ஒன்றல்ல. இங்கேயும் அப்படித்தான். கம்பெனிக்கு இடம் வேண்டும், உங்களுக்கு நாள் வேண்டும்.

2. கட்டபொம்மன் சண்டை 1799-ல தானே? அப்புறம் ஏன் 1801?

1799 செப்டம்பர் 5-இல் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். இந்த ஆட்டம் அதற்குப் பிறகு தொடங்குகிறது. 1801 பிப்ரவரி 2-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தம்பி ஊமைத்துரை தப்பி வந்து, இடித்துத் தள்ளப்பட்டிருந்த கோட்டையை மண்ணால் மீண்டும் எழுப்பினார். அங்கிருந்து அக்டோபர் 1-இல் காளையார்கோயில் விழும்வரை எட்டு மாதம். கோட்டை முற்றுகை, காட்டுச் சண்டை, ஆள் சேர்ப்பு, அரசியல் சூழ்ச்சி எல்லாம் இந்த எட்டு மாதத்துக்குள் இருப்பதால் ஆட்டத்துக்கு ஏற்ற படையெடுப்பு இதுவே. 1799-ஐ ஆட விரும்புவோர் கடைசிக் கேள்வியைப் பார்க்கவும்.

3. வேலு நாச்சியாருக்கு ஏன் சில்லு போடலை? மறந்துட்டீங்களா?

மறக்கவில்லை. வேலு நாச்சியார் 1796-இலேயே காலமாகிவிட்டார். அவருடைய கணவர் முத்துவடுகநாதர் 1772-இல் காளையார்கோயிலில் கொல்லப்பட்டதும், 1780-இல் அவர் சிவகங்கையை மீட்டதும் இந்தப் போருக்கு முந்தைய கதை. 1801-இல் சிவகங்கைச் சீமையை நடத்தியவர்கள் பெரிய மருதுவும் சின்ன மருதுவும். ஆகவே தலைவர் சில்லு மூன்றுதான்: ஊமைத்துரை, பெரிய மருது, சின்ன மருது.

தீரன் சின்னமலையையும் பலர் கேட்கிறார்கள். அவர் களம் கொங்கு நாடு, இந்த வரைபடத்துக்கு வெளியே. பழசி ராஜாவும் வெளியேதான். ஆனால் அவர் வயநாட்டில் போரிட்டுக்கொண்டிருந்ததால் மலபாரிலிருந்து கம்பெனி தன் விருப்பப்படி படையை எடுக்க முடியவில்லை. மூன்று கட்டாகப் பிரிந்திருக்கும் சீட்டுகளில் (9-ஆம் கேள்வி) முதற்கட்டிலும் நடுக்கட்டிலும் ஒவ்வொன்றாக உள்ள 'மலபார்' சீட்டு அதற்காகவே. அது வந்தால் அந்தச் சுற்றில் கம்பெனிக்குத் துணைப்படை கிடையாது.

4. கம்பெனி பக்கம் ஆட முடியாதா?

இந்த விதிகளில் முடியாது. காலனியப் போர்களைப் பற்றிய ஒற்றையாள் ஆட்டங்களில் ஆடுபவர் பேரரசின் நாற்காலியில் உட்கார்வதுதான் வழக்கமாகிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் ஜூலுக்களுக்கும் நடந்த 1879 ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டையை வைத்த 'ஜூலூஸ் ஆன் தி ராம்பார்ட்ஸ்' நல்ல ஆட்டம்தான், ஆனால் அதிலும் நாம் சிவப்புக் கோட்டு போட்ட ஆங்கிலேயச் சிப்பாய்கள். ஜூலுக்கள் சீட்டின் கையில். இங்கே அதை மாற்றியிருக்கிறோம். சீட்டுக்கு ஏற்றது கம்பெனிதான் என்பதும் உண்மையான காரணம். துணைப்படை, பெரிய பீரங்கி, சாலை, முற்றுகை என்று அதன் செயல் ஒரு வரிசையில் போகிறது, சீட்டில் எழுதிவிடலாம். பதுங்கவும் கலையவும் மீண்டும் கூடவும் தெரிந்த பக்கத்துக்குத்தான் மனித மூளை தேவை.

5. என்னென்ன பொருள் வேணும்? எப்படி வெட்டி ஒட்டணும்?

ஏ3 அளவில் ஒரு வரைபடம், 46 சீட்டு, 35 சில்லு, ஆறுமுகப் பகடை குறைந்தது ஆறு. சீட்டு 63 × 88 மில்லிமீட்டர். ஒரு ஏ4 தாளில் ஒன்பது சீட்டு அடங்கும், ஆறு தாள் போதும். 200 ஜிஎஸ்எம் தாளில் அச்செடுத்தால் ஒட்டாமலே ஆடலாம். சாதாரணத் தாளில் எடுத்தால் பின்பக்கம் தெரிந்து எதிரியின் அடுத்த அடி காட்டிக்கொடுக்கப்படும்.

சில்லு 15 மில்லிமீட்டர் சதுரம். கம்பெனிக்கு 12: காலாட்படை 7, குதிரைப்படை 2, பீரங்கி 2, மரம் வெட்டும் பயனியர் படை 1. உங்களுக்குப் படை 14, தலைவர் 3. உடைப்புக் குறி 3. மீதி மூன்றும் சுற்று, ஆதரவு, சாலை ஆகிய பட்டைகளுக்கு. இரண்டு மில்லிமீட்டர் அட்டையில் ஒட்டும்போது ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் பசை காயக் காய அட்டை வளைந்துவிடும். மறுபக்கமும் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். கட்டரை ஒரே அழுத்தில் இழுத்தால் ஓரம் பிசிறும்; இரும்பு ஸ்கேல் வைத்து லேசாக நான்கைந்து முறை இழுக்க வேண்டும். முனைகளை நகவெட்டியால் கிள்ளிவிட்டால் உரியாது.

அச்செடுக்க வசதி இல்லாவிட்டால், வரைபடத்தைச் சாக்பீஸால் தரையில் போடலாம். படைக்குப் புளியங்கொட்டையும் கம்பெனிக்குச் சோழியும் வைத்து ஆடலாம், தலைவர்களுக்கு மட்டும் ஏதாவது அடையாளம் வேண்டும். சீட்டை மட்டும் கையால் எழுதியாவது செய்துகொள்ளுங்கள். அது இல்லாமல் ஆட்டம் இல்லை.

6. வரைபடத்துல அறுகோணக் கட்டமே இல்லையே, வெறும் ஊரும் கோடும்தானே இருக்கு?

இந்தப் போர் ஊரிலிருந்து ஊருக்குப் பாதை பிடித்துப் போன போர். பீரங்கி வண்டி பாதையை விட்டு இறங்காது. அறுகோணக் கட்டம் போட்டால் படை எங்கு வேண்டுமானாலும் நகரலாம் என்ற பொய் வந்துவிடும்.

மொத்தம் 17 ஊர். தெற்கே பாளையங்கோட்டை, கயத்தாறு, எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, தூத்துக்குடி. நடுவில் மதுரை, மானாமதுரை, கமுதி, இராமநாதபுரம். காட்டுப் பகுதியில் சிவகங்கை, சோழபுரம், ஒக்கூர், திருப்பத்தூர், சிறுவயல், காளையார்கோயில். வடக்கே புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி. காளையார்கோயிலை நேரே தொடும் ஊர்கள் நான்கு: சிறுவயல், ஒக்கூர், சோழபுரம், சிவகங்கை. இந்த நான்கையும் மனத்தில் பதிய வையுங்கள், ஆட்டத்தின் பிற்பாதி முழுக்க இவற்றைச் சுற்றித்தான். எட்டயபுரமும் புதுக்கோட்டையும் கம்பெனியின் நட்பு ஊர்கள் என்பதால் அங்கே நீங்கள் ஆள் திரட்ட முடியாது.

7. ஒரு சுற்றுல வரிசையா என்ன செய்யணும்?

ஒரு சுற்று என்பது அரை மாதம். பிப்ரவரி முதல் பாதி 1-ஆம் சுற்று, நவம்பர் பிற்பாதி 20-ஆம் சுற்று. முதலில் கம்பெனிச் சீட்டு இரண்டைத் திருப்பி, ஒன்றை முழுதாக முடித்தபின் அடுத்ததைச் செய்யுங்கள். அதனால் மூளும் சண்டையை உடனே தீர்க்க வேண்டும். பிறகு உங்கள் செயல்கள். கடைசியில் ஆதரவுப் பட்டையைச் சரிபார்த்துச் சுற்றுக்குறியை நகர்த்துங்கள்.

எத்தனை செயல் என்பது ஆதரவைப் பொறுத்தது. ஆதரவு 0 முதல் 2 வரை ஒரு செயல், 3 முதல் 5 வரை இரண்டு, 6 முதல் 8 வரை மூன்று, 9-உம் 10-உம் நான்கு. தொடக்கத்தில் ஆதரவு 4. செயல் நான்கு வகை: மூன்று படைவரை சேர்த்து இரண்டு ஊர் தூரம் நகர்த்துவது, ஆதரவு 3-க்குக் குறையாமல் இருந்தால் காட்டுப் பகுதியில் ஒரு படை திரட்டுவது, கோட்டை உடைப்பு ஒன்றை அடைப்பது, காட்டில் பதுங்கித் தாக்குவது.

சண்டையில் ஒரு படைக்கு ஒரு பகடை, இரு பக்கமும் ஒரே நேரத்தில். வெட்டவெளியில் கம்பெனிக்கு 4 அல்லது மேல் விழுந்தால் அடி, உங்களுக்கு 5 அல்லது மேல். காட்டில் இது தலைகீழ்: உங்களுக்கு 4, கம்பெனிக்கு 5. ஓர் அடிக்கு ஒரு சில்லு எடுபடும். அதிகபட்சம் மூன்று வீச்சு. அதற்குப் பிறகும் இருவரும் நின்றால் தாக்கியவர் பின்வாங்க வேண்டும். கோட்டைக்கு வேறு கணக்கு, அது 10-ஆம் கேள்வியில்.

8. ஆரம்பத்துல யாரை எங்கே வைக்கணும்?

ஊமைத்துரையும் ஐந்து படையும் பாஞ்சாலங்குறிச்சியில். பெரிய மருதுவும் மூன்று படையும் காளையார்கோயிலில், சின்ன மருதுவும் இரண்டு படையும் சிறுவயலில். மீதி நான்கு படை கையிருப்பு. கம்பெனிக்குக் காலாட்படை மூன்று, குதிரைப்படை ஒன்று, சிறு பீரங்கி ஒன்று பாளையங்கோட்டையில். மற்றவை சீட்டு வரும்போது மதுரையிலோ திருச்சியிலோ இறங்கும். 8-ஆம் சுற்று முடியும்வரை மருது படைகள் காட்டுப் பகுதியை விட்டு வெளியே வரக்கூடாது. முதல் சுற்றிலேயே எல்லாரையும் பாஞ்சாலங்குறிச்சியில் குவிக்கிறவர்கள் இந்த ஒரு வரியைத் தவறவிட்டவர்கள்.

9. சீட்டை ஏன் மூணு கட்டாப் பிரிச்சிருக்கு? எல்லாத்தையும் சேர்த்துக் கலைச்சா சுவாரசியமா இருக்காதா?

கலைத்தால் பிப்ரவரியிலேயே காட்டில் சாலை வெட்டத் தொடங்கிவிடுவார்கள், பாஞ்சாலங்குறிச்சி விழுந்த பிறகும் அதை முற்றுகையிடச் சொல்லிச் சீட்டு வரும். முதற்கட்டில் 18, நடுக்கட்டிலும் கடைக்கட்டிலும் 14 வீதம். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொன்றையும் தனித்தனியே கலைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு சீட்டைப் பார்க்காமலே எடுத்துவிடுங்கள். ஐந்தாறு ஆட்டத்துக்குப் பிறகு எல்லாச் சீட்டும் மனப்பாடம் ஆனாலும், எது இல்லை என்பது தெரியாததால் கணக்குப் போட முடியாது.

பாஞ்சாலங்குறிச்சி விழுந்த அடுத்த சுற்றில் நடுக்கட்டு திறக்கும். நடுக்கட்டு ஆறு சுற்று ஓடும், அல்லது காட்டுச் சாலை முடிந்தால் அப்போதே கடைக்கட்டுக்கு இடம் கொடுக்கும். வரலாற்றின்படி கோட்டை 8-ஆம் சுற்றில் விழுந்தால் நடுக்கட்டு 9 முதல் 14 வரை, கடைக்கட்டு 15-இல். கோட்டை 6-இலேயே விழுந்தால் கடைக்கட்டு 13-இலேயே வந்துவிடும். கோட்டையில் தாங்கும் ஒவ்வொரு சுற்றும் காட்டுக்கு ஒரு சுற்று சேமிப்பு என்பதன் பொருள் இதுதான். ஒரு கட்டு தீர்ந்தால் அதையே கலைத்துத் தொடருங்கள்.

10. மார்ச்ல ஈசியா ஜெயிக்கிறேன், மே மாசம் அதே கோட்டை நொறுங்குதே, எங்கே தப்பு?

தப்பு இல்லை, அப்படித்தான் நடந்தது. 1801 மார்ச் 31-இல் மேஜர் மெக்காலே நடத்திய தாக்குதல் கடும் இழப்போடு முறியடிக்கப்பட்டது. அதன்பின் முற்றுகையோடு காத்திருந்து, கர்னல் அக்னியூ பெரும்படையும் பெரிய பீரங்கியும் கொண்டுவந்த பிறகு மே 24-இல்தான் கோட்டை விழுந்தது. ஆட்டத்தில் இந்த வித்தியாசத்தைச் செய்வது உடைப்புக் குறி. சிறு பீரங்கி ஒவ்வொரு சுற்றும் ஒரு பகடை உருட்டும், 6 விழுந்தால் மட்டுமே ஓர் உடைப்பு. மண் சுவர் குண்டை உள்ளே வாங்கிக்கொள்ளும், கருங்கல்லைப் போலத் தெறிக்காது. 7-ஆம் சுற்றிலிருந்து வரும் பெரிய பீரங்கி இரண்டு பகடை உருட்டும், 5 அல்லது மேல் விழுந்த ஒவ்வொன்றுக்கும் ஓர் உடைப்பு.

ஓர் உடைப்பு இருக்கும்போது தாக்கும் கம்பெனிக்கு 6 விழுந்தால்தான் அடி. இரண்டு இருந்தால் 5, மூன்று இருந்தால் 4. உங்கள் படைக்கு 4, ஆனால் மூன்று உடைப்பு ஆனதும் வெட்டவெளிக் கணக்காகி 5. எண்ணிப் பாருங்கள். மார்ச்சில் ஓர் உடைப்பில் நான்கு கம்பெனிப் படை வந்தால் ஒரு வீச்சுக்குச் சராசரி ஓர் அடிகூட இல்லை, உங்கள் ஐந்து படை இரண்டரை அடி கொடுக்கும். மே மாதம் மூன்று உடைப்பில் ஆறு படை வந்தால் அவர்களுக்கு மூன்று அடி, உங்களுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். ஆகவே 7-ஆம் சுற்றுக்குப் பிறகு எல்லாச் செயலையும் உடைப்பை அடைப்பதிலேயே செலவிடாதீர்கள். ஒரு செயலில் ஓர் உடைப்புதான் அடைபடும், அவர்களோ ஒரு சுற்றில் இரண்டு போடக்கூடும்.

11. அப்போ கோட்டையை விட்டு முன்னாடியே கிளம்பிடலாமா?

இதுதான் முற்பாதியின் மிகக் கடினமான முடிவு. நீங்களாகவே வெளியேறினால் எல்லாப் படையும் பிழைக்கும், ஆனால் ஆதரவு ஒன்று குறையும், நடுக்கட்டும் உடனே திறக்கும். கடைசிவரை நின்று கோட்டை விழுந்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு படைக்கும் பகடை உருட்டுங்கள்: 4 அல்லது மேல் தப்பிக் கமுதிக்குப் போகும், மற்றவை கையிருப்புக்குத் திரும்பும். ஊமைத்துரை 2 அல்லது மேல் விழுந்தால் தப்புவார். வரலாற்றில் அவர் தப்பி மருதுகளோடு சேர்ந்தார் என்பதால் அவருக்கு இந்தச் சலுகை.

பொதுவாக, இரண்டாம் உடைப்பு விழுந்த சுற்றில் தாக்குதல் சீட்டு இன்னும் வரவில்லை என்றால் அது கிளம்ப நல்ல நேரம். முதல் உடைப்பிலேயே ஓடுவது வீண். அந்த நிலையில் வரும் தாக்குதலை முறியடித்தால் ஆதரவு ஒன்று ஏறும். தூத்துக்குடியை முதல் இரண்டு சுற்றுக்குள் பிடித்துவிட்டு வந்திருந்தால் இன்னொரு ஆதரவும் கையில் இருக்கும். 1801-இல் ஊமைத்துரையின் ஆட்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றியது அந்த முதல் வாரங்களில்தான்.

12. சீட்டு சொல்ற இடத்துக்குக் கம்பெனி போகவே முடியலைன்னா? நான் முடிவு பண்ணலாமா?

கூடாது. ஒவ்வொரு சீட்டிலும் மூன்று வரி இருக்கும். முதல் வரி முடியாவிட்டால் இரண்டாவது, அதுவும் முடியாவிட்டால் மூன்றாவது. மூன்றாவது எப்போதும் செய்யக்கூடியதாகவே இருக்கும், பெரும்பாலும் 'துணைப்படை ஒன்று மதுரையில் இறங்கும்' என்பது. பாதி மட்டும் முடிகிற வரியை முடிந்தவரை செய்து நிறுத்த வேண்டும், அடுத்த வரிக்குத் தாவக்கூடாது.

இரண்டு படையில் எதை நகர்த்துவது என்ற ஐயம் வந்தால் இலக்குக்கு அருகில் இருப்பது. தூரமும் சமம் என்றால் அதிகச் சில்லு இருக்கும் இடத்திலிருந்து. அதுவும் சமம் என்றால் பகடை: ஒற்றை விழுந்தால் தெற்கே இருப்பது, இரட்டை விழுந்தால் வடக்கே இருப்பது. இந்த மூன்று படியை வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றையாள் ஆட்டத்தில் நம்மை அறியாமல் நமக்கே சாதகம் செய்துகொள்வது இந்த இடத்தில்தான். மனம் எப்போதும் எதிரியின் பலவீனமான படையையே முன்னே அனுப்பும். இன்னொரு ஒழுங்கு: உங்கள் படையைத் தொட்டு வைத்த பிறகு கை எடுத்தால் அது முடிந்தது. அடுத்த சீட்டைப் பார்த்துவிட்டுத் திருத்தக்கூடாது.

13. காட்டுல சாலை போடுறதை எப்படித் தடுக்கிறது?

சாலைப் பட்டையில் ஆறு கட்டம். பயனியர் படை சிறுவயலில் இருக்க, சாலைச் சீட்டு வரும்போதெல்லாம் குறி ஒரு கட்டம் முன்னேறும். ஆறை எட்டினால் பீரங்கி நேரே காளையார்கோயிலுக்கு வரும், காட்டில் கம்பெனிக்கு இருந்த தடை போய் 4 விழுந்தாலே அடி. தடுக்க, சிறுவயலுக்கு அடுத்த ஊரில் உங்கள் படை ஒன்றாவது இருந்து 'பதுங்கித் தாக்கு' செயல் எடுக்க வேண்டும். ஒரு பகடை: 4 அல்லது மேல் விழுந்தால் குறி ஒரு கட்டம் பின்னே போகும். 1 விழுந்தால் உங்கள் படை கையிருப்புக்குப் போகும்.

1801 ஆகஸ்டில் சிறுவயலிலிருந்து மரம் வெட்டி வழி போட முயன்று, ஏறத்தாழ ஒரு மாதம் பாடுபட்டும் முடியாமல் செப்டம்பர் தொடக்கத்தில் கம்பெனி அதைக் கைவிட்டது. பகலில் வெட்டிய இடத்தில் அடுத்தடுத்து தாக்குதல். ஆட்டத்திலும் பெரும்பாலும் சாலை முடியாது. சாலை முடியாமல் பார்த்துக்கொள்கிற உற்சாகத்தில் எல்லாப் படையையும் சிறுவயல் பக்கம் குவித்துவிடுவதுதான் ஆபத்து. ஒக்கூரும் சோழபுரமும் காலியாக இருக்கும்போது கடைக்கட்டு திறந்தால் கதை மாறிவிடும். சாலைக்கு ஒரு சுற்றில் ஒரு செயலுக்கு மேல் செலவிடாதீர்கள்.

14. ஒரு சண்டைகூடத் தோக்கலை, ஆனா ஆதரவு மட்டும் சரிஞ்சுகிட்டே போகுதே?

கடைக்கட்டில் படமாத்தூர் விதி வந்திருக்கும். சண்டையால் முடியாததைக் கம்பெனி பட்டம் கட்டிச் சாதித்தது. சிவகங்கைக்கு உரிமையுள்ளவர் படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவர்தான் என்று அறிவித்து, செப்டம்பரில் சோழபுரத்தில் வைத்து அவருக்குப் பட்டம் கட்டினார்கள். அரச குடும்பத்தின் மேல் பற்றுள்ளவர்கள் மருதுகளிடமிருந்து விலகத் தொடங்கினார்கள். எங்கள் கணிப்பில் இந்தப் போரின் திருப்பம் பாஞ்சாலங்குறிச்சிச் சுவரில் இல்லை, சோழபுரத்தில் இருக்கிறது. ஆட்டத்தின் விதிகளில் மிகவும் கவனித்து எழுதப்பட்டதும் இதுவே.

கடைக்கட்டு திறந்தது முதல் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஆதரவு ஒன்று குறையும். சுற்று முடியும்போது சோழபுரத்தில் உங்கள் படை ஒன்றாவது நின்றால் மட்டும் குறையாது. கவனிக்காமல் விட்டால் 6-இல் இருந்த ஆதரவு நான்கு சுற்றில் 2-க்கு வந்துவிடும். மூன்று செயல் செய்த இடத்தில் ஒன்றுதான் செய்ய முடியும், ஆள் திரட்டவும் முடியாது. படை இருந்தும் கை கட்டிப்போனது போல ஆகிவிடும்.

சோழபுரத்தில் பெரும்படையை நிரந்தரமாக நிறுத்துவதும் நட்டம், அங்கே கம்பெனி வந்துகொண்டே இருக்கும். சுற்று முடிவில் மட்டுமே கணக்கு என்பதைப் பயன்படுத்துங்கள். ஒக்கூரில் இரண்டு படையை வைத்து, சோழபுரம் காலியாகும் சுற்றில் கடைசிச் செயலாக உள்ளே அனுப்புங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை இப்படிப் பிடித்தாலே சரிவு பாதியாகும்.

15. சின்ன மருது அறிக்கை எப்போ வரும்? அதை முன்னாடியே வாங்க முடியுமா?

10-ஆம் சுற்றில், சின்ன மருது களத்தில் இருந்தால், ஆதரவு இரண்டு ஏறும். ஒரே ஒரு முறைதான். 1801 ஜூன் 16-ஆம் தேதியிட்ட அந்த அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது. சாதி வேறுபாடு பாராமல் எல்லாரையும் கம்பெனிக்கு எதிராக எழச் சொன்னது. முன்னதாக வாங்க வழியில்லை. ஆனால் 9-ஆம் சுற்றில் சின்ன மருதுவைத் தேவையில்லாத சண்டைக்குள் கொண்டுபோய் இழந்தால் இந்த இரண்டும் போய், தலைவர் இழப்புக்கான இரண்டும் குறையும். மொத்தம் நான்கு ஆதரவு வித்தியாசம், ஆட்டமே போன மாதிரி.

16. வளரிக்குத் தனி விதி கிடையாதா?

தனிச் சில்லு இல்லை. காட்டில் உங்களுக்கு 4 விழுந்தால் அடி என்ற விதிக்குள் வளரி, ஈட்டி, இடம் தெரிந்த கால் எல்லாம் அடங்கிவிட்டன. சின்ன மருது வளரி வீசுவதில் தேர்ந்தவர். பிற்பாடு அவரை எதிர்த்த கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், முன்பு அவரிடமே அதை வீசக் கற்றுக்கொண்டதை எழுதி வைத்திருக்கிறார். ஆயுதத்துக்கு ஒவ்வொன்றாக எண் கொடுக்கத் தொடங்கினால் அரை மாதச் சுற்றுக்கு அது பொருந்தாது. வேண்டுமானால் சின்ன மருது நேரில் இருக்கும் பதுங்கித் தாக்குதலில் 3 விழுந்தாலும் வெற்றி என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் சற்று எளிதாகும், கெட்டுப்போகாது.

17. மூணு பக்கத் தாக்குதல் சீட்டு வந்தா பிழைக்க வழியே இல்லையா?

உண்டு, முன்பே எண்ணி வைத்திருந்தால். காளையார்கோயிலைத் தொடும் நான்கு ஊரில் (6-ஆம் கேள்வி) மூன்றிலாவது கம்பெனிப் படை இருந்தால்தான் இந்தச் சீட்டின் முதல் வரி செல்லும். அக்டோபர் 1-இல் நடந்ததும் மூன்று பிரிவாக வந்த தாக்குதலே. சீட்டு வந்ததும், பகடை உருட்டுமுன் காளையார்கோயிலில் இருக்கும் படையை மூன்று பக்கத்துக்கும் பிரித்து வைக்க வேண்டும். எந்த ஒரு பக்கம் காலியானாலும் காளையார்கோயில் விழுந்தது.

சாலை இல்லாத நிலையில் பக்கத்துக்கு மூன்றுக்கு மூன்று என்றால் உங்களுக்குச் சராசரி ஒன்றரை அடி, அவர்களுக்கு ஒன்று. இரண்டு பேர் மூன்று பேரை எதிர்த்தால் இருவருக்கும் ஒன்று ஒன்று, அடுத்த வீச்சில் கவிழ்ந்துவிடும். ஆகவே காளையார்கோயிலில் ஒன்பது படை பாதுகாப்பு, ஆறுக்குக் கீழே போனால் சீட்டின் தயவு. இதைவிடச் சிறந்த தற்காப்பு, நான்கு ஊரில் இரண்டையாவது உங்கள் கையில் வைத்திருப்பது. முதல் வரியே செல்லாது.

18. வரலாற்றுல தோத்த போர் ஆச்சே, இதுல 'ஜெயிச்சேன்'னு எப்படிச் சொல்றது?

நாள் கணக்கில். காளையார்கோயில் 17-ஆம் சுற்றில் விழுந்தால் வரலாற்றுக்குச் சமம். அதற்கு முன் விழுந்தால் தோல்வி. 18 தாண்டினால் வெற்றி, 20 முடிவில் கையில் இருந்தால் பெருவெற்றி. 18-இலிருந்து வடகிழக்குப் பருவமழை விதி வருகிறது: பீரங்கி நகராது, கம்பெனியின் மற்ற படைகள் ஒரு சீட்டுக்கு ஓர் ஊர் மட்டுமே நகரும். கரிசல் மண்ணும் கண்மாய்க் கரையும் நனைந்தபின் பீரங்கி வண்டி இழுப்பது எப்படி என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்னியூ அக்டோபர் முதல் நாளிலேயே முடித்தது மழைக்கு முன் என்பதை மனத்தில் வைத்தே இந்த எல்லை.

தோற்றால் என்ன ஆனது என்பதையும் கடைசிச் சீட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கிறோம். அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில், நவம்பர் 16-இல் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார்கள். 1802 பிப்ரவரியில் 73 பேர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். இதற்குப் புள்ளி எதுவும் கிடையாது. தூக்கையும் நாடுகடத்தலையும் பகடைக்கு விடும் விதி கேட்டவர்களுக்கு ஒரே பதில்: சேர்க்க மாட்டோம்.

19. ரெண்டு பேர் சேர்ந்து ஆடலாமா? பள்ளிப் பிள்ளைங்களோட?

ஆடலாம். ஒருவர் பாஞ்சாலங்குறிச்சிப் படை, மற்றவர் மருது படை. செயல்களைப் பேசிப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், ஆதரவுப் பட்டை ஒன்றே. முழு ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் என்பதால் வகுப்பில் 9-ஆம் சுற்றிலிருந்து தொடங்குவது நல்லது: ஊமைத்துரையும் இரண்டு படையும் கமுதியில், மருதுகள் முன்சொன்ன இடத்தில், ஆதரவு 4, கம்பெனிக்குக் காலாட்படை ஐந்து, குதிரைப்படை இரண்டு, பீரங்கி இரண்டு மதுரையில், பயனியர் படை மானாமதுரையில். கம்பெனிச் சில்லில் பெரும்பாலானவர்களும் நம் நாட்டுச் சிப்பாய்களே என்பதைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். நேராகச் சொல்லிவிடுங்கள்.

20. இதே சில்லை வெச்சு 1799-ஐ ஆட முடியுமா?

முடியும், ஆனால் அது முற்றுகையைவிடத் துரத்தல். செப்டம்பர் 5 முதல் அக்டோபர் 16 வரை 41 நாள், சுற்றுக்கு மூன்று நாளாக 14 சுற்று. ஊமைத்துரைச் சில்லையே கட்டபொம்மனாக வைத்து, அதோடு ஐந்து வெற்றுச் சில்லைச் சேர்த்து ஆறையும் கவிழ்த்துக் கலையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு தடம். நீங்கள் மட்டும் எது உண்மை என்று பார்த்துக்கொள்ளலாம். கம்பெனி ஒரு தடம் இருக்கும் ஊருக்குள் நுழைந்தால் அதைத் திருப்ப வேண்டும்.

புதுக்கோட்டைக்கு ஒரு தனி விதி வேண்டும். அங்கே தடம் நுழைந்தால், கம்பெனி தேடி வராமலே அந்தச் சில்லைத் திருப்பிவிட வேண்டும், ஏனெனில் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டை மன்னர் தொண்டைமான் தரப்புத்தான். அப்படியானால் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடலாமே என்பார்கள். அதைத் தடுக்க, தெற்கே உள்ள ஐந்து ஊரில் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரு பகடை உருட்டுங்கள். 5 அல்லது மேல் விழுந்தால் தெற்கே இருக்கும் தடங்களில் ஒன்று, பார்க்காமல் எடுத்தது, திரும்பும். நான்கு சுற்றுக்கு மேல் அங்கே தங்கினால் ஒரு தடமாவது திரும்பாமல் இருப்பது அரிது.